கூட்டு அச்சோவியமும் நலப்பேறும்: ஜோகன்னஸ்பர்க் பட்டறையை முன்வைத்து

1. வரையறை

செதுக்கியோ கீறியோ ஒட்டியோ ஆக்கிய தட்டில் மை தடவித் தாளில் ஒற்றி எடுக்கும் படம் அச்சோவியம். பலர் கூடி ஒரே அச்சுப்பொறியில் முறைவைத்துச் செய்வது கூட்டு அச்சோவியம். 'நலப்பேறு' என்பதை நோய் தீர்தல் என்ற பொருளில் யாம் ஆளவில்லை. நோயோடு இருப்பவர் பிறரோடு பழகவும், வரும் வாரத்தை எண்ணி ஒரு காரியத்தைத் தொடங்கவும் இயலும் நிலையே அது. இவ்விரண்டையும் குழப்புவோர் வீண் நம்பிக்கையையே விற்கிறார்கள்.

2. சான்று

கிம் பெர்மனும் ந்லாந்லா சாபாவும் 1991-இல் ஜோகன்னஸ்பர்க்கில் 'ஆர்ட்டிஸ்ட் புரூஃப் ஸ்டுடியோ'வைத் தொடங்கினர். அதன் 'பேப்பர் பிரேயர்ஸ்' இயக்கம், நோயுற்றோருக்காகத் தாள் கீற்றுகளை வேண்டுதலாகத் தொங்கவிடும் ஜப்பானிய வழக்கத்தை எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கு எடுத்தாண்டது. அக்காலத்தில் அந்நோயின் பெயரைச் சொல்வதே ஆபத்து: தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளிப்படையாகச் சொன்ன குகு ட்லாமினி 1998 டிசம்பரில் டர்பனை அடுத்த பகுதியில் அடித்துக் கொல்லப்பட்டார். தென்னாப்பிரிக்க அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துகள் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2004-இல்தான்.

3. காரணம்

இக்கலை ஏன் அங்கே பயன்பட்டது? மன வெளிப்பாடு என்பது வழக்கமான விடை. அதற்கு ஓவியமே போதுமே. வேலையின் அமைப்பில்தான் காரணம் இருக்கிறது என்பது எம் துணிபு.

முதலாவது, கைப்பங்கீடு. மை படிந்த விரல் வெள்ளைத்தாளைத் தொட்டால் தாள் பாழ். ஆகவே ஒருவர் 'மைக்கை', மற்றவர் 'சுத்தக்கை'. மை பதமாகி உருளையில் சரசரப்பு கேட்டதும் மைக்கைக்காரர் தட்டில் மை தடவி அதைப் பொறியில் வைப்பார். சுத்தக்கைக்காரர் தாளின் இரு மூலைகளையும் பிடித்து மெல்ல இறக்குவார். ஊரார் தொட அஞ்சும் ஒருவருக்கு அருகில் இப்படி மற்றொருவர் நின்றே தீர வேண்டும்.

இரண்டாவது, பன்மை. ஒரே தட்டில் பல படிகள் பிறக்கின்றன. ஒன்றை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம், ஒன்றைப் பெயரின்றிச் சுவரில் தொங்கவிடலாம். சொன்னவர் மறைந்திருக்க, சொல் வெளியே போகும்.

4. நெறியாளர்

பட்டறையை நடத்தும் நெறியாளர் மருத்துவரல்லர். படத்துக்குப் பொருள் கேட்பதும் பொருள் சொல்வதும் அவர் வேலையல்ல; துயர் பொங்கினால் உரிய ஆலோசகரிடம் அழைத்துச் செல்வதே அவர் வேலை. மற்றவை சிறு கவனங்கள். நலிந்த கைக்குச் செதுக்கும் லினோலியத் தட்டைச் சற்றுச் சூடாக்கித் தந்தால் உளி இலேசாக இறங்கும். பிடித்திருக்கும் கை உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும். உளிக்கே அஞ்சுவோர்க்கு அட்டை ஒட்டிய தட்டு. மூச்சுக் குறைந்தோர் இருக்கும் அறையில் மையைக் கரைக்கும் டர்பன்டைனுக்கு இடமில்லை. அதற்குப் பதில் சமையல் எண்ணெயால் உருளையைத் துடைக்கலாம்.

எண்ணெய் மையையே யாம் பரிந்துரைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது உலரச் சில நாள் பிடிக்கும். வந்தவர், கொடியில் தொங்கும் தம் படத்தை எடுக்க மறுவாரமும் வர வேண்டியிருக்கும்.