பேராக் தோட்டங்களில் வீட்டைப் பேணிய கைகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு, அன்றைய பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோவின் காலத்தில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகள் மலாயாவின் முதல் கன்றுகளைச் சேர்ந்தவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால்மரக் காடுகள் எனப்பட்ட ரப்பர் தோட்டங்கள் கிந்தா சமவெளியையும் சுங்கை சிப்புட் வட்டாரத்தையும் சூழ்ந்தபோது, அவற்றில் உழைக்க ஆட்களைத் தமிழகக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் திரட்டி வந்தனர்; வந்தவர்களைக் குடியமர்த்துவது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாயிற்று. ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்களுக்கான அறைகளை வரிசையாகத் தடுத்துக் கட்டப்பட்ட நீண்ட கட்டடமே லயம் அல்லது லயன் வீடு எனப்பட்டது. ஒரு வீட்டைத் தொழில் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதா, குடியிருப்பவரே தம் கையால் செப்பனிடுவதா என்ற கேள்விக்கு இம்மாநிலத் தமிழரிடையே நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் திறமையையும் செலவையும் விட, வீடு யாருக்குச் சொந்தம் என்பதே பதிலைத் தீர்மானித்து வந்திருக்கிறது.

லயங்களை எழுப்பும் வேலை பெரும்பாலும் சீனத் தச்சர்களின் குத்தகைக் குழுக்களிடம் விடப்பட்டது. பலகைச் சுவரும் அத்தாப்பு எனப்படும் கீற்றுக் கூரையும் கொண்டிருந்த கட்டடங்கள் பிற்காலத்தில் தகரக் கூரைக்கு மாறின. ஓர் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவைத் தாண்டுவது அரிதாக இருந்தது. 1912, 1923ஆம் ஆண்டுகளின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இருப்பிடத்தையும் சுகாதாரத்தையும் முதலாளியின் கடமையாக்கியிருந்ததால், கூரை ஒழுகினாலும் சாக்கடை அடைத்தாலும் ஆளனுப்பிச் சரிசெய்ய வேண்டியது நிர்வாகமே. குடியிருப்பவருக்கு வாடகையும் இல்லை, உரிமையும் இல்லை. வேலை போனால் வீடும் போய்விடும்.

தேர்ந்த கைவினைஞரை விலை கொடுத்து வரவழைக்கும் வசதி அன்று யாரிடம் இருந்தது என்பதற்குப் பத்துகாஜாவுக்கு அருகே இன்றும் நிற்கும் கெல்லி கோட்டையே சான்று. ஸ்காட்லாந்துக்காரரான தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித், 1915இல் தொடங்கிய அந்த மாளிகைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வேலையாட்களை வரவழைத்தார். செங்கல்லும் ஓடும்கூட இந்தியாவிலிருந்தே வந்தன என்பர். மின்தூக்கிக்கான கூண்டுவரை திட்டமிடப்பட்டிருந்த கட்டடம், 1926இல் அவர் லிஸ்பன் நகரில் இறந்ததும் முடிவுறாமலே நின்றுவிட்டது. கட்டுமானக் காலத்தில் ‘ஸ்பானியக் காய்ச்சல்’ வேலையாட்களைப் பலிகொண்டபோது, அவர்கள் கேட்டதற்கிணங்கி அருகில் ஒரு மாரியம்மன் கோயில் எழுப்பப்பட்டது. அதன் கூரைமேல் தெய்வச் சுதைகளுக்கிடையே தொப்பியணிந்த துரையின் உருவம் ஒன்றும் நிறுத்தப்பட்டது. வளைவும் தூணும் அமைக்கத் தெரிந்த தமிழ்க் கைகள் அக்காலப் பேராக்கில் இருந்தன என்பதையும், அந்தக் கைகளின் திறமை லயத்து வாசலை எட்டவில்லை என்பதையும் இந்த ஓரிடமே ஒருசேரக் காட்டுகிறது.

1920களின் பிற்பகுதியில் தோட்டத்து ஆணின் வழக்கமான நாட்கூலி 50 சென்னாகவும் பெண்ணுடையது 40 சென்னாகவும் இருந்தது. அந்த வருவாயில் தச்சரை அழைப்பதென்பது நினைத்துப் பார்க்கக்கூடியதல்ல. ஆகவே நிர்வாகம் தராத அனைத்தையும் குடும்பத்தாரே செய்துகொண்டனர். அஞ்சடி எனப்படும் முன் தாழ்வாரத்தின் ஓரத்தில் தட்டி கட்டி மறைப்பு எழுந்தது. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி விரித்துத் தட்டிய தகடும் பெட்டிப் பலகையும் குளியல் மறைவாகவும் கோழிக் கூண்டாகவும் மாறின. பால்மரக் கட்டை எளிதாகக் கிடைத்தாலும் விரைவில் உளுத்துப் போகும் என்பதால், அது அடுப்புக்குத்தான் பயன்பட்டது. பலகைச் சுவரின் இடுக்குகளில் காற்றும் அடுத்த வீட்டுப் பேச்சும் புகாதபடி, மரவள்ளிமாவைக் காய்ச்சிய பசையால் பழைய தமிழ் நாளேடுகளை ஒட்டி, அவற்றின்மேல் சாமிப் படங்களையும் நாட்காட்டிகளையும் மாட்டினர். 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ ஏடு படித்து முடித்த பின்னும் இப்படிச் சுவர்களில் பல ஆண்டுகள் வாழ்ந்தது.

இவ்வேலைகளின் உச்சம் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வந்தது. சுட்ட சுண்ணாம்புக் கல்லை டின்னில் நீரூற்றி நீற்றி, ஆறிய பின் துணியில் வடிகட்டி, துணிக்குப் போடும் நீலத்தைச் சிறிது கரைத்தால் பழுப்பேறாத வெள்ளை கிடைக்கும். அதனுடன் கஞ்சியோ உப்போ சேர்ப்பது சுவரைத் தொட்டால் கையில் ஒட்டாமலிருப்பதற்காக. ஆண்கள் சுவரடிக்க, பெண்கள் மண்தரையைச் சாணமிட்டு மெழுகினர். மாடு வளர்க்கும் வீடுகள் லயத்தில் இருந்ததால் சாணத்துக்குக் குறைவில்லை. நிர்வாகம் அனுப்பிய ஆட்கள் வெளிச்சுவரோடு நின்றுகொண்டார்கள், லயத்தின் உட்புறத்தை மனிதர் வாழத்தக்க இடமாக ஆக்கியது குடும்பத்தாரின் உழைப்பே. தோட்ட வரலாறுகளில் கூலியும் வேலைநிறுத்தமும் பெற்ற இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்த உழைப்பு பெறவில்லை என்பது பெருங்குறை.

கோயிலைப் பொறுத்தவரை இதே மக்கள் வேறுவிதமாக நடந்துகொண்டனர். தொடக்கத்தில் பலகையாலும் தகரத்தாலும் தாமே அமைத்த தோட்டத்துக் கோயிலை, கையில் பணம் சேர்ந்ததும் கல்லுக்கும் சுதைக்கும் மாற்ற முனைந்தபோது, தலைக்கு இவ்வளவு என வரி வசூலித்துத் தமிழகத்திலிருந்து ஸ்தபதிகளை, அதாவது சிற்ப நூல் முறைப்படி கோயில் அமைக்கும் வல்லுநர்களை, வரவழைத்தனர். தம் வீட்டுக்கு ஓர் ஆணி அடிக்கவும் ஆள் வைக்காதவர்கள் கோபுரத்துக்கு நிபுணரைத் தேடியதற்குப் பக்தி ஒரு காரணம். கோயில் தங்களுடையது, லயம் தங்களுடையதல்ல என்ற தெளிவு இன்னொரு காரணம்.

அந்தத் தெளிவு சரியென்பதைப் பிந்தைய நிகழ்ச்சிகள் கொடுமையாக மெய்ப்பித்தன. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் அருகே தோட்ட அதிகாரிகளான மூன்று ஐரோப்பியர் கொல்லப்பட்டதையடுத்து, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாகச் சிதறிக் கிடந்த லயங்களில் வாழ்ந்தோர் பலர் கம்பிவேலிக்குள் மறுகுடியமர்த்தப்பட்டனர். 1950களில் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியபோது, வேலையோடு வீடும் பறிபோயிற்று. தாமே கட்டிச் சேர்த்த அடுக்களைக்கும் நட்டு வளர்த்த முருங்கைக்கும் உரிமை கோர இயலவில்லை. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அரசியல் தலைவர் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரிடம் பத்து வெள்ளித் தவணையாகப் பங்குத்தொகை பெற்றுத் தோட்டங்களை வாங்கியது இந்த அவலத்துக்கு விடையாகத்தான். 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டுத்தரச் சட்டம் முதலாளியின் கடமைகளை மேலும் விரித்துரைத்தது. ஆனால் அதற்குள் ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறத் தொடங்கியிருந்தன.

தோட்டத்தை விட்டு ஈப்போவின் புந்தோங் போன்ற பகுதிகளுக்கும் புதிய தாமான்களுக்கும், அதாவது வீடமைப்புக் குடியிருப்புகளுக்கும், வந்தவர்களுக்கு முதன்முறையாகச் சொந்த வீடு வாய்த்தது. 1982 முதல் மலிவு வீட்டின் விலைக்கு அரசு 25,000 வெள்ளி என உச்சவரம்பு விதித்திருந்தது. சிறிய அந்த வீடுகளின் பின்புறத்தில் அடுக்களையை நீட்டுவதும் முன்புறத்தில் காருக்குக் கூரை போடுவதும் வழக்கமாயின. இங்கேதான் குத்தகையாளர் தமிழ்க் குடும்பத்தின் வாசலுக்கு வந்தார். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி சுவரை மாற்றவும் நீட்டவும் ஊராட்சி மன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்பதும், மின்கம்பி வேலையைப் பதிவுபெற்றவரே செய்ய வேண்டும் என்பதும் அவரது தேவையைக் கூட்டின. ஆயினும் தீபாவளிக்கு வண்ணம் பூசுவதைப் பல வீடுகள் இன்றும் வெளியாளிடம் விடுவதில்லை. சுமை தாங்கும் சுவர், மின்சாரம், கூரை ஆகியவற்றை வல்லுநரிடம் விட்டுப் பூச்சையும் பழுதுபார்ப்பையும் தம்மிடம் வைத்துக்கொண்ட இந்தப் பிரிவினை அறிவார்ந்தது. லயத்துக் காலம் கற்றுத்தந்த கைப்பழக்கத்தை அது வீணாக்கவில்லை, உயிரைப் பணயம் வைக்கவுமில்லை.

கெல்லி கோட்டை சுற்றுலாத் தலமாகப் பேணப்படுகிறது. எஞ்சியிருக்கும் லயங்களோ ஆண்டுதோறும் இடிபடுகின்றன. பேராக்கின் தமிழ்ப்பள்ளிகளும் கோயில் நிர்வாகங்களும், அவை முற்றும் மறைவதற்குள், சுவரை அளந்து, படமெடுத்து, அங்கு வாழ்ந்த முதியவர்களிடம் எந்தப் பலகையை யார் அடித்தார்கள் என்று கேட்டு எழுதிவைக்க முன்வர வேண்டும்.