சோனி போட்ட ஒரே கையெழுத்து

பிளேஸ்டேஷன் 3 வந்தது 2006 கடைசில. மூணு வருஷத்துக்கும் மேல அதோட பூட்டை யாரும் பெருசா அசைக்கல. என்னைக் கேட்டா, சோனியே அதுல லினக்ஸ் போட விட்டதுதான் காரணம். நோண்டுற ஆளுங்களுக்கு அதுவே போதுமே! 2010 ஏப்ரல் 1, அப்டேட் 3.21-ல அந்த வசதியைப் புடுங்கினாங்க பாருங்க, வினை ஆரம்பம்.

அதே டிசம்பர்ல, பெர்லின் ஹேக்கர் மாநாட்டுல ஃபெயில்ஓவர்ஃப்ளோ குழு மேடையேறி மானத்தை வாங்கிட்டாங்க. சோனியோட டிஜிட்டல் கையெழுத்து இருந்தாதான் அந்தப் பெட்டியில எந்த சாஃப்ட்வேரும் ஓடும். ஒவ்வொரு கையெழுத்துக்கும் புது ரேண்டம் நம்பர் வேணும். இவங்க எல்லாத்துக்கும் ஒரே நம்பர்! ரெண்டு கையெழுத்து கிடைச்சா போதும், ரகசியச் சாவியையே கணக்கு போட்டு எடுத்துடலாம். ஸ்கூல் அல்ஜீப்ரா சாமி!

2011 ஜனவரியில ஜார்ஜ் ஹாட்ஸ் முக்கியமான சாவி ஒண்ணை வெளியிட, சோனி கோர்ட்டுக்குப் போச்சு. கேஸ் சில மாசத்துல சமரசம். வித்த பெட்டிகள்ல அந்தச் சாவியை மாத்தத்தான் வழியில்லை.