துயருலகப் புதினங்களும் வரலாற்று வாசிப்பும்: தெரிவு குறித்த சில சிந்தனைகள்

வருங்காலத்தைக் கொடியதோர் உலகமாகச் சித்திரிக்கும் புதினங்கள் மேலை இலக்கியத்தில் தனியொரு வகையாக வளர்ந்துள்ளன. அவற்றின் எண்ணிக்கை பெருகிவிட்ட நிலையில், எவற்றைத் தேர்ந்து வாசிப்பது, எவற்றை மாணவர்க்குப் பரிந்துரைப்பது என்னும் வினா ஆசிரியர்முன் எழுகிறது. விற்பனையும் திரைப்படப் புகழும் மட்டுமே இத்தெரிவைத் தீர்மானித்தல் போதாது. இவ்வகையின் வரலாற்றையே தெரிவுக்குரிய அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது இக்கட்டுரையில் நாம் முன்வைக்கும் கருத்தாகும்.

முதற்கண் வகைப்பாட்டைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். தாமஸ் மோர் 1516இல் வெளியிட்ட 'யுட்டோப்பியா' குறையற்ற நாடொன்றைக் கற்பனை செய்தது. அதன் எதிர்நிலையே 'டிஸ்டோப்பியா' எனும் துயருலகம். ஜான் ஸ்டூவர்ட் மில் 1868இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் அயர்லாந்து பற்றிய விவாதத்தின்போது இச்சொல்லை ஒரு வசைச்சொல்லாகவே ஆண்டார். துயருலகப் புதினத்தில் அரசு வரம்பின்றிப் பெருகி மனிதனை விழுங்குகிறது. பேரழிவுக்குப் பிந்தைய புதினத்தில் அரசே அழிந்து, மனிதன் காப்பின்றி நிற்கிறான். ஒன்று ஒழுங்கின் மிகுதியையும் மற்றொன்று ஒழுங்கின் இன்மையையும் அஞ்சுகிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதித் தேர்வோர் இரண்டிலும் முழுப்பயன் பெறுவதில்லை.

பேரழிவுப் புதினத்தின் தொடக்கத்தைத் தேடுவோர் மேரி ஷெல்லியிடம் செல்லுதல் தகும். நம் வட்டாரத்தைச் சேர்ந்த சும்பாவா தீவின் தம்போரா எரிமலை 1815இல் வெடித்தது. அதன் விளைவாக 1816இல் ஐரோப்பா கோடையற்ற ஆண்டொன்றைக் கண்டது. வங்காளத்தில் 1817இல் பரவத் தொடங்கிய வாந்திபேதி ஆசியாவின் பல பகுதிகளைத் தாக்கியது. இத்தகைய காலச்சூழலில், கொள்ளைநோயால் மனிதகுலம் அழிந்து ஒருவன் மட்டுமே எஞ்சும் 'கடைசி மனிதன்' 1826இல் வெளிவந்தது.

துயருலகப் புதினத்தின் நவீன வடிவத்தை அமைத்தவர் ரஷ்யரான யெவ்கேனி ஜம்யாத்தின். கப்பற் பொறியியலாளரான இவர் ஜார் ஆட்சியிலும் பின்வந்த புரட்சி அரசிலும் சிறைப்பட்டவர். இவரது 'நாம்' புதினத்தில் மக்களுக்குப் பெயர்கள் இல்லை, எண்களே உள்ளன. அவர்கள் கண்ணாடி வீடுகளில் வாழ்கின்றனர். இந்நூல் 1924இல் நியூயார்க்கில் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்தது. எழுதியவரோ 1931இல் ஸ்டாலினுக்கு மடல் எழுதி இசைவு பெற்று நாட்டைவிட்டு வெளியேறி, 1937இல் பாரிசில் மறைந்தார். சோவியத் நாட்டில் அந்நூல் அச்சேறியது 1988இல்தான். எந்த மக்களைக் கருதி எழுதப்பட்டதோ அம்மக்களுக்கு அது ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகள் மறுக்கப்பட்டது.

ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் 'நாம்' நூலுக்கு மதிப்புரை எழுதினார். அவரது '1984' புதினம் 1949இல் வெளிவந்தது. அல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்டு' அதற்கு முன்பே, 1932இல் தோன்றியது. ஆர்வெல்லின் அரசு வலியால் ஆள்கிறது. ஹக்ஸ்லியின் அரசு இன்பத்தால் ஆள்கிறது. இம்மூன்றையும் காலவரிசையில் வாசிப்போர், ஒரே அச்சம் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு உருக்கொள்வதை உணர்வர்.

அணுகுண்டுக் காலம் மற்றொரு வரிசையைத் தந்தது. நெவில் ஷூட்டின் 'ஆன் தி பீச்' 1957இலும், வால்ட்டர் மில்லரின் 'லீபோவிட்ஸ்' புதினம் 1959இலும் வெளிவந்தன. இரண்டாம் உலகப்போரில் இத்தாலியின் மோந்தே காசினோ மடத்தின்மீது நிகழ்ந்த குண்டுவீச்சில் மில்லர் பங்குபற்றியவர். அவர் புதினத்தில் அணுப்போருக்குப்பின் பழைய ஏடுகளைக் காப்போர் துறவிகளே என்பது எண்ணத்தக்கது. மார்கரெட் அட்வுட்டோ 1985இல் வெளிவந்த 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நூலில், வரலாற்றில் எங்கேனும் நிகழாத எதையும் சேர்ப்பதில்லை என்று நெறி வகுத்துக்கொண்டார்.

இந்நூல்களை இணைக்கும் இழையொன்று உண்டு. ஜம்யாத்தினின் தலைவன் குறிப்பெழுதுகிறான். ஆர்வெல்லின் வின்ஸ்டன் பழைய நாளிதழ்களைத் திருத்தும் பணியாளன். மறைவாக நாட்குறிப்பும் எழுதுகிறான். அட்வுட்டின் புதினம், தலைவியின் ஒலிப்பதிவுகளை ஆராயும் வருங்கால ஆய்வரங்கொன்றில் முடிகிறது. கடந்தகாலத்தின் பதிவை யார் காப்பார், யார் அழிப்பார் என்பதே இவற்றின் உள்ளார்ந்த வினா. வரலாற்று மாணவன் தொடங்கும் வினாவும் அதுவேயாகும்.

தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இவ்வகைக்கு அறிமுகமாக அமையும். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த இக்கதை, கணிப்பொறியின் துணையோடு ஜீவா எனும் ஆட்சியாளர் நாட்டை ஆளும் வருங்காலத்தைக் காட்டுகிறது. அவ்வருங்காலமாக அவர் குறித்த 2021ஆம் ஆண்டு கடந்துவிட்டது. எனினும் நூலின் மதிப்பை ஆரூடத்தின் பலிதத்தைக்கொண்டு அளத்தல் பொருந்தாது. அது எழுந்த காலத்தின் அச்சத்தை எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது என்பதைக்கொண்டே அளத்தல் வேண்டும்.

ஆகவே, நூலைத் தெரிவு செய்யுங்கால் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். எக்காலத்து அச்சம் இதனைப் பிறப்பித்தது? இதனை வாசிக்க எவர் தடுக்கப்பட்டனர்? இதனுள் பதிவைக் காப்பவர் யார்? இவற்றுக்கு விடை தரும் நூலே வகுப்பறைக்குரியது. பத்து நூல்களை மேலோட்டமாகப் படிப்பதினும், 'நாம்', '1984' ஆகிய இரண்டையும் அவ்வரிசையில் ஊன்றிப் படிப்பது மாணவர்க்கு மிகுந்த பயனளிக்கும் என்பது எம் துணிபு.