அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முன்கூட்டியே முடித்தலும் கல்லூரிச் சேர்க்கையும்: ஒரு வரலாற்று ஆய்வு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக் கல்வி ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு ஆண்டுகள் கொண்டது. அதை மூன்று ஆண்டுகளிலேயே முடிக்கும் மாணவருக்குப் போட்டி மிகுந்த கல்லூரிகளில் இடம் கிடைப்பது எளிதாகிறதா, கடினமாகிறதா என்ற கேள்விக்குக் காலந்தோறும் விடை மாறி வந்துள்ளது.

வயது பார்க்காத காலம்

குடியேற்றக் காலத்து ஹார்வர்டு கல்லூரி, நுழைவுத் தகுதியாக லத்தீன், கிரேக்க மொழி அறிவையே கேட்டது. காட்டன் மாதர் அங்கு 1678இல் 15 வயதில் பட்டம் பெற்றார். 1906இல் டஃப்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்தபோது நார்பர்ட் வீனருக்கு வயது 11. ஏழாண்டுகளில் அவர் ஹார்வர்டில் முனைவர் பட்டமும் பெற்றார். பள்ளியில் எத்தனை ஆண்டு இருந்தார் என்பதைவிட என்ன கற்றார் என்பதே அப்போது பெரிதாகக் கருதப்பட்டது.

ஆண்டுக் கணக்கின் வருகை

பொது உயர்நிலைப் பள்ளிகள் பெருகியதும், அவற்றின் கல்வியை ஒரே அளவுகோலால் மதிப்பிடும் தேவை எழுந்தது. 1906இல் கார்னகி அறக்கட்டளை, ஒரு பாடத்தை ஏறத்தாழ 120 மணி நேரம் படிப்பதை ஓர் அலகாக வரையறுத்தது. மாணவரிடம் 14 அலகுகளைக் கோரும் கல்லூரிகளின் பேராசிரியர்களுக்கே அதன் ஓய்வூதியம் கிடைக்கும் என்பதால், கல்லூரிகள் இந்த அளவை விரைந்து ஏற்றன. நான்காண்டுப் பள்ளிப் படிப்பு நாடு முழுவதும் வழக்கமானது.

மாற்று முயற்சிகள்

இந்த வழக்கத்தை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ். பத்தாம் வகுப்பு முடித்தவர்களையும் அப்பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் வாட்சன் அங்கு 15 வயதில் சேர்ந்து, 1947இல் 19 வயதில் பட்டம் பெற்றார். போர்க்காலத்தில் மாணவர் எண்ணிக்கை குறைந்த மோர்ஹவுஸ் கல்லூரியும் இளையோருக்கு இடமளித்தது. மார்ட்டின் லூதர் கிங் 1944இல் 15 வயதில் அங்கு சேர்ந்தார்.

1951இல் ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுதவியால் இம்முயற்சி விரிவடைந்தது. சிகாகோ, கொலம்பியா, யேல், விஸ்கான்சின் உள்ளிட்ட கல்வி நிலையங்கள் பள்ளியை முடிக்காத மாணவர்களைச் சேர்த்தன. கொரியப் போருக்கான கட்டாய ராணுவச் சேவைக்கு முன் இளைஞர்கள் சில ஆண்டுகளாவது கல்லூரியில் பயில வேண்டும் என்பது ஒரு நோக்கம். 1957இல் வெளியான மதிப்பீட்டறிக்கை, இவர்கள் வயதில் மூத்த சக மாணவர்களுக்கு இணையாகவோ மேலாகவோ படித்ததைக் காட்டியது. எனினும் இத்திட்டம் பொது வழக்காகவில்லை. சிறந்த மாணவர்களை இழக்கப் பள்ளிகள் விரும்பவில்லை.

திருப்புமுனை

அதே அறக்கட்டளை ஆதரித்த மற்றொரு திட்டமே நிலைத்தது. கல்லூரித் தரப் பாடங்களைப் பள்ளியிலேயே கற்பிக்கும் 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' திட்டத்தைக் கல்லூரி வாரியம் 1955 முதல் நடத்தத் தொடங்கியது. திறமை மிக்க மாணவர் பள்ளியை விட்டு வெளியேறாமலே உயர்கல்வியைத் தொட இது வழி செய்தது. கடினமான பாடங்கள் பள்ளியின் இறுதி ஆண்டுகளில் குவிந்தன. நாளடைவில் தேர்வுக் குழுக்கள் அப்பாடங்களை விண்ணப்பங்களில் எதிர்பார்க்கலாயின.

இளையோருக்கெனத் தனி வாயில்களும் திறந்தன. 1966இல் மாசசூசெட்ஸில் சைமன்ஸ் ராக் கல்லூரியும், 1977இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் முன்சேர்க்கைத் திட்டமும், 1988இல் டெக்சாஸ் கணித அறிவியல் கழகமும் தொடங்கின.

இன்றைய நிலை

போட்டி மிகுந்த கல்லூரிகள் முன்கூட்டியே முடித்தவர்களைப் பொதுவாகத் தடுப்பதில்லை. அதற்கெனத் தனிச் சலுகை தருவதுமில்லை. இடர் விண்ணப்பத்தின் உள்ளடக்கத்தில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் விண்ணப்பிப்பவரிடம் இரண்டு முழு ஆண்டுகளின் மதிப்பெண்களே இருக்கும். அவரை நன்கறிந்து பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர்களும் குறைவு. நான்காண்டு ஆங்கிலப் படிப்பை விரும்பும் கல்லூரிகளில் இந்தக் குறை வெளிப்படையாகத் தெரியும். மாறாக, பள்ளி தரக்கூடிய உயர் பாடங்களை எல்லாம் முடித்து, அருகிலுள்ள கல்லூரியிலும் பயின்றவருக்கு முன்முடிப்பு இயல்பான அடுத்த படியாகிறது.

ஆகவே, முன்கூட்டியே முடித்தல் தன்னளவில் தகுதியுமன்று, குறையுமன்று. கல்வியின் ஆழம் குறையாமல் ஆண்டு மட்டும் குறைந்தால் சேர்க்கைக்குப் பெரிய தடையில்லை. ஆண்டோடு ஆழமும் குறைந்தால் இழப்பு மாணவருக்கே.