நொதிகளின் செயற்பாடு: அமிலத்தன்மையும் வெப்பநிலையும்

நொதிகள் உயிரிகளில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள். ஒவ்வொரு நொதிக்கும் முழு வேகத்தில் இயங்க ஏற்ற அமில, கார நிலையும் வெப்பநிலையும் உண்டு. இவை உகந்த பி.எச்., உகந்த வெப்பநிலை எனப்படும்.

நொதி ஆய்வின் வரலாற்றில் பீர் ஆலைகளுக்கும் பங்குண்டு. 1833இல் பாரிசில் பாயனும் பெர்சோவும் முளைவிட்ட பார்லியிலிருந்து, மாவுப்பொருளை உடைக்கும் நொதியான டயஸ்டேசைப் பிரித்தனர். அதன் கரைசலைக் கொதிக்கவைத்தால் ஆற்றல் அழிந்துவிடுவதையும் கண்டனர். 1836இல் இரைப்பைச் சாற்றிலிருந்து பெப்சினைக் கண்டறிந்த தியோடர் ஷ்வான், அமிலம் உடனிருந்தாலன்றி அது புரதத்தைச் செரிக்காது என்று காட்டினார். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரப் பீர் ஆலையில் பணியாற்றிய ஓ'சல்லிவன், டாம்சன் என்பவருடன் சேர்ந்து, சர்க்கரையை உடைக்கும் ஈஸ்டு நொதியான இன்வர்ட்டேசை ஆராய்ந்து 1890இல் விரிவான அறிக்கை வெளியிட்டார். சர்க்கரை கலந்த கரைசலில் இந்நொதி வழக்கத்தைவிட 25 பாகை செல்சியசு கூடுதல் வெப்பத்தைத் தாங்கியது. தான் வினைபுரியும் பொருளோடு நொதி இணைகிறது என்பதற்கு இது மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று.

அக்காலத்தில் அமிலம் சேர்த்த அளவால் கணக்கிடப்பட்டது. அது போதாது என்று நிறுவியவர் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலை சார்ந்த ஆய்வுக்கூடத்தின் வேதியியல் பிரிவுத் தலைவர் சோரன்சன். நொதியின் வேகத்தைத் தீர்மானிப்பது ஊற்றிய அமிலத்தின் மொத்த அளவு அன்று, கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனிச் செறிவே என்று அவர் 1909இல் காட்டினார். அந்தச் செறிவை எளிய எண்ணாகக் குறிக்க அவர் வகுத்ததே பி.எச். அளவுகோல். இன்று மண்ணையும் குடிநீரையும் சோதிக்க உலகெங்கும் பயன்படும் இந்த அளவுகோல் நொதி ஆய்வுக்காகப் பிறந்தது. இத்துறையின் மிகப் பெரிய கொடை இதுவே. 1913இல் பெர்லினில் மிக்கேலிசும் மாட் மென்டனும் பி.எச்.ஐத் தாங்கல் கரைசலால் நிலைநிறுத்தி, 25 பாகையில் இன்வர்ட்டேசின் வேகத்தை அளந்தனர். எடுத்த மாதிரியில் காரம் சேர்த்ததும் வினை அந்தக் கணத்திலேயே நின்றது. இவர்களுக்கு முன் இதே நொதியை அளந்த விக்டர் ஆன்றி அமிலநிலையைக் கட்டுப்படுத்தவில்லை.

அமிலநிலை மாறினால் நொதியின் அமினோ அமிலங்களின் மின்னூட்டம் மாறும். பெப்சினின் வினைமையத்தில் இரண்டு அஸ்பார்ட்டிக் அமிலங்கள் உள்ளன. ஒன்று ஹைட்ரஜன் அயனியை இழந்தும் மற்றது ஏந்தியும் இருக்க வேண்டும், இந்நிலை பி.எச். 2 அளவில் நன்கு அமைகிறது. சிறுகுடலில் செயல்படும் டிரிப்சினுக்கு உகந்தது ஏறத்தாழ 8. வாழைப்பூவை நறுக்கியதும் மோர் கலந்த நீரில் போடுவதன் காரணமும் இதுதான்: கறுக்கவைக்கும் நொதி மோரின் புளிப்பில் மந்தமாகிறது.

வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் நொதிவினையின் வேகம் பொதுவாக ஏறத்தாழ இரு மடங்காகும். ஒரு வரம்புக்கு மேல் புரதத்தின் மடிப்பு குலைந்து நொதி இயல்பிழக்கும். குளிர் பெரும்பாலும் நொதியை அழிப்பதில்லை, மந்தப்படுத்துகிறது. சோதனை நீண்டால் இயல்பிழப்பும் கூடும் என்பதால், உகந்த வெப்பநிலை என்பது நொதியின் நிலையான பண்பு அன்று; அது அளக்கும் நேரத்தையும் பொறுத்தது. சயாமியப் பூனையின் முகம், காது, பாதம், வால் ஆகியவை மட்டும் கறுத்திருப்பதற்கு, உடலின் குளிர்ந்த பகுதிகளில் மட்டும் நன்கு இயங்கும், திரிந்த டைரோசினேசு என்ற நிறமியாக்கும் நொதி காரணம்.

இதற்கு மாறாக, வெந்நீர் ஊற்றுகளில் வாழும் தெர்மஸ் அக்வாட்டிக்கஸ் நுண்ணுயிரின் டி.என்.ஏ. பாலிமரேசு 70 பாகைக்கு மேலும் நன்கு இயங்கி, டி.என்.ஏ.வைப் பன்மடங்காக்கும் பி.சி.ஆர். சோதனைக்கு அடிப்படையாகிறது. அதேபோல், காரத்தைத் தாங்கும் புரதச் சிதைப்பு நொதிகள் சலவைத் தூள்களில் சேர்க்கப்படுகின்றன.