பதினாறு எம்.பி.க்கு மேலே

1996 செப்டம்பர் 26, வியாழக்கிழமை. புதுக்கோட்டையில் நான் வேலை பார்த்த வங்கிக் கிளையில் அரையாண்டுக் கணக்கு முடிக்க நாலே நாள் பாக்கி. அன்று ராத்திரி சேமிப்புக் கணக்குகளுக்கு வட்டி போட்டு ஒத்திகை பார்த்தோம். முக்கால் மணி நேரம் ஓடிய சர்வர் அப்படியே நின்றுவிட்டது. திரையில் ‘அப்எண்ட்’ என்று ஒரு சொல், அதன் கீழே டிஸ்க் டிரைவரின் பெயர்.

மேனேஜரிடம் ஓடிப்போய், "சார், டிரைவர் படுத்துருச்சு" என்றேன். "எந்த டிரைவர் சார்? நம்ம பிராஞ்சுக்கு ஜீப்பே கிடையாதே" என்றார் அவர்.

அவரைக் குறை சொல்ல முடியாது. சர்வருக்குள் ஒரு கன்ட்ரோலர் கார்டு இருக்கும். டிஸ்க்குகள் அதில்தான் தொங்கும். அந்தக் கார்டிடம் பேசத் தெரிந்த சின்ன புரோகிராமுக்குப் பெயர்தான் டிரைவர். எங்களுக்கே அது தெரிந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

வங்கிக்குள் கம்ப்யூட்டர் வந்த கதையை இப்போதைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 1983-ல் சங்கங்களோடு ஓர் ஒப்பந்தம். 1984-ல் ரங்கராஜன் கமிட்டியின் அறிக்கை. (நம் திருச்சி நேஷனல் காலேஜில் படித்தவர், பிற்பாடு ரிசர்வ் வங்கி கவர்னர்.) முதலில் வந்த பெட்டிக்கு ‘அட்வான்ஸ்டு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்’ என்று பெயர். கம்ப்யூட்டர் என்று சொன்னால் கொடி பிடிப்பார்கள் என்றுதான் இவ்வளவு நீளப் பெயர் என்று எங்களுக்குள் சொல்லிச் சிரிப்போம். 1989-ல் இரண்டாவது கமிட்டியின் அறிக்கை, 1993-ல் மறுபடி ஓர் ஒப்பந்தம். அதன் பிறகுதான் எங்கள் மாதிரி ஊர்களுக்கு நெட்வேர் சர்வரும் கவுன்டருக்கு ஒரு டெர்மினலும் வந்தன.

சர்வர் விழுந்த மறுநாள் திருச்சியிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். கேபிளை மாற்றினார், அதன் முனையில் செருகும் டெர்மினேட்டரை மாற்றினார், கார்டையே மாற்றினார். ராத்திரி வட்டி ஓட்டினால் மறுபடி அதே அப்எண்ட். டிஸ்க்கே போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு கடைசி பஸ் ஏறிவிட்டார்.

அதைவிடப் பெரிய இடி சனிக்கிழமை மத்தியானம் விழுந்தது. சேமிப்புக் கணக்குகளின் கூட்டுத்தொகையும் ஜெனரல் லெட்ஜரும் ஒத்துப்போகவில்லை. வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வயிற்றுக் கலக்கம் தெரியும். சர்வர் விழுந்தது வெளியே தெரிந்த நோய். உள்ளே எத்தனை நாளாகத் தப்பும் தவறுமாக எழுதிக்கொண்டிருந்ததோ!

லெட்ஜர் பகுதியில் மூத்தவர் ஒருவர் இருந்தார். எண்பதுகளில் மெஷினை எதிர்த்து பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை பார்த்தவர். அவர்தான் கேட்டார்: "தம்பி, போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு? கடைசியா அதுல என்னத்தக் கைவச்சீங்க?"

கைவைத்திருந்தோம். அந்த வருஷம் உலகம் முழுக்க மெமரி சிப் விலை சரிந்து கிடந்தது. வேகம் கூடுமென்று 21-ஆம் தேதி சாயங்காலம் 16 எம்.பி.யை 32 ஆக்கினோம். கையெழுத்துப் போட்டவன் நான்.

கூடுதல் மெமரியைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். விடிய விடிய ஓடியது. ஞாயிறு காலை மறுபடி மாட்டினேன். விழுந்தது. அதற்கப்புறம்தான் கார்டோடு வந்த கையேட்டைப் பிரித்தேன். பிளாஸ்டிக் உறைகூடக் கிழிபடாமல் கிடந்தது.

காரணம் 1984-லேயே இருந்தது. ரங்கராஜன் அறிக்கை வந்த அதே வருஷம் அமெரிக்காவில் ஐ.பி.எம். தன் ‘ஏ.டி.’ கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதிலிருந்த இன்டெல் 80286 சிப்புக்கு மெமரி முகவரி சொல்ல 24 கம்பிகள். 24 கம்பியில் 16 எம்.பி. வரைதான் எண்ண முடியும். அந்த மெஷினே 256 கே.பி. மெமரியோடு விற்ற காலம் அது, 16 எம்.பி. என்பது கடல் மாதிரி. பின்னால் 32 கம்பி சிப்கள் வந்தும், கார்டு செருகும் இடம் மட்டும் பழைய அளவிலேயே தங்கிவிட்டது. எங்கள் கார்டும் அந்த ரகம்.

ஒரு தபால்காரருக்கு இரண்டு இலக்கம் மட்டும்தான் படிக்கத் தெரியும் என்று வையுங்கள். கீழராஜ வீதி 117-ஆம் நம்பர் வீட்டுத் தபாலை 17-ல் போட்டுவிட்டுப் போய்விடுவார். கார்டும் அதைத்தான் செய்தது. 16 எம்.பி.க்கு மேலே போகவேண்டிய தகவலைக் கீழே வேறெதன் தலையிலோ எழுதியது. பகலில் வேலை குறைவு, பெரும்பாலும் தப்பித்தது. வட்டி போடும்போது மேல் மெமரி முழுக்கப் புழங்கியது, தொலைந்தது.

மருந்து இரண்டே வரி. டிரைவரை ஏற்றும் வரியின் கடைசியில் ‘அபவ் 16’ என்று சேர்க்க வேண்டும். 16-க்குக் கீழே 200 பஃபர்களை ஒதுக்கச் சொல்லி இன்னொரு வரி. பிறகு டிரைவரே தகவலைக் கீழே இறக்கி, அங்கிருந்து மேலே கொண்டுபோய்ச் சேர்க்கும். வேகம் கொஞ்சம் குறையும், முகவரி தப்பாது.

ஆனால் கெட்ட கணக்கு கெட்டதுதான். மெமரி போடுவதற்கு முந்தைய டேப்பை ஏற்றி, ஆறு நாள் வவுச்சர்களையும் மறுபடி போஸ்டிங் செய்தோம். ஞாயிறு பகலும் ராத்திரியும் கிளை முழுக்க உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு நாளும் சரியாக வந்ததா என்று எதை வைத்து ஒத்துப் பார்ப்பது? நாங்கள் எடுத்திருந்த பிரின்ட்அவுட் எல்லாம் அந்த சர்வர் கொடுத்ததுதானே.

மூத்தவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துப் போட்டார். தினமும் வவுச்சர்களைக் கையால் கூட்டி, மொத்தத்தை எழுதி வைத்திருந்தார். மூன்று வருஷமாக.

"யாருண்ணே எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லல. வீட்டுக்குப் போனா தூக்கம் வரணும்ல."

திங்கள் விடிகாலை நாலு மணிக்கு ஆறு நாளும் பைசா சுத்தமாக ஒத்துப்போயின. அன்று ராத்திரி வட்டியும் ஓடி முடிந்தது.

சில வருஷம் கழித்து அந்த சர்வர் பழைய சாமான்களோடு ஏலத்தில் போனது. கார்டு அதற்குள்ளேயே இருந்தது. மெமரி சிப்களை மட்டும் யாரோ முன்னாடியே கழற்றிவிட்டிருந்தார்கள்.