ஹோப் காலேஜ் என்ற பெயர் எப்படி வந்தது?

நம்ம ஊரு வரலாறு

அவிநாசி சாலையில் பேருந்தில் போகும்போது "ஹோப் காலேஜ் எறங்கறவங்கல்லாம் வாங்க" என்று கண்டக்டர் கூப்பிடுவதைக் கேட்டிருப்பீர்கள். இறங்கிப் பார்த்தால் சி.ஐ.டி. இருக்கிறது, டைடல் பார்க் இருக்கிறது. ஹோப் என்ற பெயரில் ஒரு கல்லூரி மட்டும் இல்லை!

1940களில் சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் ஆர்தர் ஹோப். அவர் பெயரில் 1945-இல் தொழில்நுட்பக் கல்லூரியைத் தொடங்க இடமும் பொருளும் தந்தவர் ஜி.டி. நாயுடு. பொறியியல் படிக்க நான்கு ஆண்டு தேவையில்லை, இரண்டே ஆண்டு போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒப்பவில்லை, அவர் விலகிக்கொண்டார். தடாகம் சாலையில் இருக்கும் அரசு தொழில்நுட்பக் கல்லூரிதான் அந்தக் கல்லூரி. பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

பட்டறையும் பாடமும்

இதற்கு முன்பே பீளமேட்டில் ஒரு காரியம் நடந்திருந்தது. பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்களும் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கை அறத்துக்கு ஒதுக்கினார்கள். 1926-இல் பி.எஸ்.ஜி. அறநிலையம் பிறந்தது, கூடவே தொழிற்கூடமும். 1951-இல் பொறியியல் கல்லூரி வந்தபோது அதே வளாகத்தில் மோட்டாரும் பம்பும் தயாராகிக்கொண்டிருந்தன. பாடத்தில் படித்ததைப் பையன்கள் பட்டறையில் தொட்டுப் பார்க்க முடிந்தது.

நம் பக்கம் மழை குறைவு, கிணறு ஆழம். கவலை ஏற்றி இறைத்த காலத்தில் மாட்டின் பலம்தான் பாசனத்தின் எல்லை. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மோட்டார் பம்புக்குத் தேவை பிறந்தது. இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுவதை ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் செய்தார்கள். பின்னாளில் கணபதி, ஆவாரம்பாளையம் சந்துகளிலெல்லாம் லேத்துகள் ஓடின.

போட்டியாளர்கள் சேர்ந்து கட்டியது

அடுத்தது சிட்ரா. அகமதாபாத் ஆலைகளுக்கு விக்ரம் சாராபாய் 1947-இல் ஆராய்ச்சிச் சங்கம் கண்டதைப் போல, தென்னிந்திய ஆலைகளுக்காக 1956-இல் கோவையில் அமைந்தது இது. தனி ஆலை ஒன்று சொந்தமாக ஆய்வுக்கூடம் வைக்கக் கட்டுப்படியாகாது. எல்லோருமாகச் சேர்ந்தால் முடியும். ஆலைகளின் உற்பத்தித் திறனை ஒப்பிட்டு ஆய்வு செய்வதால், தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று ஒவ்வோர் ஆலைக்கும் தெரிந்தது. சந்தையில் மோதிக்கொள்கிறவர்கள் ஆய்வுக்கூடத்தில் கூட்டாளிகள்!

இன்றைக்கு

1998-இல் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை உதவியோடு பி.எஸ்.ஜி. ஸ்டெப் உருவானது, புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு இடமும் கருவியும் ஆலோசனையும் கிடைக்க வழி ஏற்பட்டது. 2010-இல் டைடல் பார்க் திறந்தார்கள். பழைய காலத்துப் பாடமும் புதிய காலத்துக் கம்ப்யூட்டரும் ஒரே சாலையில் வந்து சேர்ந்தன.

ஆனால் ஐந்து பேரை வைத்து ஜாப் ஆர்டர் செய்யும் பட்டறைக்காரருக்கு இந்த வாசல்கள் இன்னும் தூரமாகத்தான் தெரிகின்றன. முன்பு காகிதத்தில் வந்த வரைபடம் இப்போது கம்ப்யூட்டர் ஃபைலாக வருகிறது. அதைத் திறந்து, திருத்தி, சி.என்.சி. மெஷினுக்குக் கொடுக்கத் தெரியாவிட்டால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். அவருக்குக் கைத்திறன் குறைவில்லை. மகன் பட்டறைக்கு வர மறுக்கிறான், சொல்லித்தர ஆளில்லை, காலேஜ் கேட்டுக்குள் போகத் தயக்கம். நூறாண்டுக்கு முன் பட்டறைக்கும் வகுப்பறைக்கும் நடுவே சுவர் இல்லாததுதான் இந்த ஊரை வளர்த்தது. அந்தச் சுவர் இப்போது எழும்பிவிடக்கூடாது.

நம் பிளாக்குகளிலேயே ஓய்வுபெற்ற பேராசிரியர்களும், டிசைன் வேலை பார்ப்பவர்களும், சாஃப்ட்வேர் இளைஞர்களும் இருக்கிறீர்கள். தெருமுனைப் பட்டறையிலிருந்து சத்தம் வந்தால் ஜன்னலைச் சாத்துவதோடு நிற்காமல், ஒருநாள் உள்ளே போய் "என்னங்க செய்யறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கு எந்தக் கல்லூரியில் யாரைப் பார்க்கலாம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அந்த ஒரு அறிமுகமே அவருக்குப் பெரிய உதவி.